எடுப்பு எழுதாத முதலாளி

கேள்வி கேட்ட தம்பிக்குச் சொந்த ஊர் கல்லிடைக்குறிச்சி பக்கம். வயது 27. சென்னைக் கம்பெனி வேலையை வீட்டிலிருந்தே பார்க்கிறார். அம்மாவோடு தினமும் சண்டை. கூட வேலை பார்ப்பவர்களோடும் ஒட்டவில்லை. "உனக்குள்ள பாரு, எல்லாம் சரியாகும்" என்று யாரோ சொல்ல, மூன்று மாதமாக ராத்திரி பதினொரு மணிக்கு மேல் மொட்டைமாடியில் உட்கார்ந்து "நான் ஏன் இப்படி இருக்கேன்?" என்று தன்னையே கேட்டுப் பார்த்திருக்கிறார். தூக்கம் போனதுதான் மிச்சம். "உள்ளே பார்ப்பது என்றால் உண்மையில் என்ன செய்ய வேண்டும்? அதனால் மனுஷன் மாறுவானா? ரமணர் சொன்ன 'நான் யார்' இதுதானா?" இவைதான் அவருடைய கேள்விகள்.

நான் பாளையங்கோட்டையில் 31 வருஷம் பிளஸ் ஒன், பிளஸ் டூ பிள்ளைகளுக்குக் கணக்குப்பதிவியல் நடத்தியவன். சாமியாரும் இல்லை, மனநல மருத்துவரும் இல்லை. ஓய்வு பெற்ற பிறகு, மனிதன் தன்னை அறிகிற விஷயம் பற்றிக் கையில் கிடைத்ததையெல்லாம் வாசித்தேன். எதை வாசித்தாலும் எனக்கு எங்கப்பாவின் கடைதான் ஞாபகத்துக்கு வந்தது. அங்கிருந்தே தொடங்குகிறேன்.

முக்கூடல் பக்கத்தில் எங்களுக்கு ஒரு பலசரக்குக் கடை இருந்தது. ஊரில் பாதி வீட்டில் பீடி சுற்றுவார்கள். கூலி கிடைத்ததும் கடன் நோட்டைத் தீர்த்துவிட்டு அடுத்த பொட்டலம் வாங்கிப் போவார்கள். ராத்திரி ஒன்பது மணிக்குப் பலகையை அடைத்துவிட்டு அப்பா கல்லாப்பெட்டியைக் கவிழ்ப்பார். அன்றைக்கு எந்தச் சரக்கு எவ்வளவு குறைந்தது என்று எழுதிய சிட்டையை நான் வாசிக்க வேண்டும். அவர் சில்லறையைப் பத்துப் பத்தாக அடுக்குவார். நான் எட்டாவது படிக்கும்போது ஐந்தாறு மாதம் பெட்டி சரியாக நிற்கவே இல்லை. தினமும் இரண்டு ரூபாய், மூன்று ரூபாய் குறையும். அன்றைக்கு அது சின்னக் காசில்லை.

அப்பாவுக்குச் சந்தேகம் கடைப்பையன் மேல். நேராகக் கேட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. சரக்கு வாங்க வருகிறவர்களிடம், "இந்தக் காலத்துல யாரை நம்புறது அண்ணாச்சி" என்று பையன் காதில் விழும்படி சொல்லிக்கொண்டிருந்தார். ஆவணியில் ஒருநாள் பையன் வரவில்லை. மெட்ராஸுக்கு ரயிலேறிவிட்டான் என்றார்கள்.

அவன் போன பிறகும் பெட்டி குறைந்தது.

கண்டுபிடித்தது ஆச்சிதான். கடைக்கு எதிர்த் திண்ணையில் கால் நீட்டி உட்கார்ந்து பாக்கு இடித்துக்கொண்டிருப்பவள். ஒருநாள் ராத்திரி அப்பா புலம்புவதைக் கேட்டுவிட்டுச் சொன்னாள்: "ஏல, காலைல ஒரு கவுளி வெத்தல எடுத்தியே, எழுதினியா? மத்தியானம் போயிலை. சாயந்தரம் உன் கூட்டாளி வந்தான், ரெண்டு பேரும் கலர் உடைச்சுக் குடிச்சிய. அதுக்குக் காசு யாரு போட்டா?" அப்பா பதிலே பேசவில்லை. அடுத்த நாள் பேரேட்டில் புதிதாக ஒரு பக்கம் திருப்பி, மற்ற வாடிக்கைக்காரர்கள் பெயரை எழுதுவது போலவே தன் பெயரை எழுதி, கீழே "வெற்றிலை" என்று முதல் வரியைப் போட்டார். எனக்கு அது வேடிக்கையாக இருந்தது. கடைக்காரரே தன் கடையில் கடன் வைப்பாரா?

பிற்பாடு இதையே வருஷா வருஷம் பாடமாக நடத்தினேன். முதலாளி சொந்தச் செலவுக்காகக் கடையிலிருந்து எடுக்கிற பணமும் சரக்கும் 'எடுப்புகள்'. கடை வேறு, முதலாளி வேறு. கடையின் ஏட்டில் முதலாளியும் ஓர் ஆள்தான், அவருக்கும் ஒரு பக்கம் உண்டு. பிள்ளைகளுக்கு இது சட்டென்று ஏறாது. "சார், அவர் பணத்தை அவர் எடுக்கிறதுக்கு எதுக்கு சார் கணக்கு?" என்று ஒவ்வொரு வருஷமும் யாராவது ஒரு பையன் கேட்பான். நல்ல கேள்வி. எங்கப்பாவும் அப்படித்தான் நினைத்திருந்தார்.

இப்போது உங்கள் மொட்டைமாடிக்கு வருகிறேன் தம்பி. "நான் ஏன் இப்படி?" என்று கேட்டால், கேட்ட கையோடு மனம் ஒரு காரணத்தைக் கொடுத்துவிடும். அப்பா தினமும் ராத்திரி "பெட்டி ஏன் குறையுது?" என்று கேட்டார். தினமும் பதில் கிடைத்தது: பையன். கிடைத்த பதில் நம்பும்படியாக இருந்ததுதான் தொல்லை. அப்பா பொய் சொல்லவில்லை. தன் கை வெற்றிலைக் கூடைக்குள் போவதை அவர் பார்த்ததே இல்லை, அவ்வளவுதான்.

இதைச் சோதனையாகவே செய்து பார்த்திருக்கிறார்கள். ரிச்சர்ட் நிஸ்பெட், திமோத்தி வில்சன் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் 1977-இல் எழுதிய கட்டுரையில் வருகிறது. கடை ஒன்றில் நான்கு ஜோடி நைலான் காலுறைகளை வரிசையாக வைத்து, எது தரமானது என்று வந்தவர்களைக் கேட்டார்கள். நான்கும் அச்சு அசல் ஒரே சரக்கு. இடது கோடியில் இருந்ததை 12 சதவீதம் பேர் எடுத்தார்கள், வலது கோடியில் இருந்ததை 40 சதவீதம் பேர். இருந்த இடம்தான் வித்தியாசம். ஆனால் காரணம் கேட்டபோது இடத்தைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. "வரிசையில் இருந்த இடம் காரணமாக இருக்குமோ?" என்று எடுத்துக்கொடுத்தபோதும் அநேகமாக எல்லாருமே இல்லை என்றார்கள். நான் எடுப்பது எனக்கே தெரியாமல், ஏன் எடுத்தேன் என்பதற்கு மட்டும் வாய் நிறைய விளக்கம். டவுன் ஜவுளிக்கடையில் நாற்பது சேலை விரித்துப் போட்ட பிறகு ஒன்றைக் கையில் எடுத்து "இந்த பார்டர்தான் நான் நெனச்சது" என்று சொல்கிறவர்களைப் பார்க்கும்போது இது நினைவுக்கு வரும். வீட்டில் சொன்னதில்லை.

அதனால் நான் சொல்வது: உள்ளே பார்க்கும்போது 'ஏன்' என்பதைக் கடைசிக்குத் தள்ளுங்கள். முதலில் 'என்ன நடந்தது', 'எப்போது', 'எத்தனை தடவை'. சிட்டையில் இருக்கிற மூன்று கட்டம் அவ்வளவுதான்.

வள்ளுவர் இதில் ஒரு காரியம் செய்திருக்கிறார், கவனித்திருக்கிறீர்களா? அயலார் குற்றத்தைப் பார்க்கிற கண்ணால் தன் குற்றத்தையும் பார்த்தால் உயிருக்குத் தீங்கு உண்டா என்று கேட்கிற குறள், 190-வது, புறங்கூறாமை அதிகாரத்தில் கடைசியாக நிற்கிறது. தன்னைப் பார்ப்பது பற்றிய பேச்சு தியானம், தவம் என்று எங்கோ வரும் என்று பார்த்தால், அடுத்தவன் முதுகுக்குப் பின்னால் பேசுகிற இடத்தில் வருகிறது. கல்லாவில் உட்கார்ந்து "யாரை நம்புறது அண்ணாச்சி" என்று எங்கப்பா பேசிய அதே இடம். ஒருவரைப் பற்றி வேகமாகப் புறம் பேசுகிறோம் என்றால், நம் பக்கத்தில் எழுதாத எடுப்பு ஏதாவது இருக்கிறதா என்று புரட்டிப் பார்க்க அது நல்ல நேரம். உங்கள் கேள்வியில் டீம் லீடரைப் பற்றி மட்டும் பதினாறு வரி இருந்தது. குத்திக்காட்டவில்லை. எண்ணுவது என் தொழில்.

ராத்திரி விஷயத்தைக் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன். நீங்கள் செய்துகொண்டிருந்தது உள்ளே பார்ப்பது இல்லை, அசைபோடுவது. இரண்டும் வெளியிலிருந்து பார்த்தால் ஒன்று போலவே இருக்கும். சூசன் நோலன்-ஹோக்சிமா என்ற உளவியலாளர் ஸ்டான்போர்டு பல்கலைக்கழக மாணவர்களிடம், மனம் சோர்ந்தால் நீங்கள் என்ன செய்வீர்கள் என்று கேட்டுக் குறித்து வைத்திருந்தார். இரண்டு வாரத்தில், 1989 அக்டோபர் 17 அன்று அந்தப் பக்கமே பெரிய பூகம்பம். அதற்குப் பிறகு அதே மாணவர்களைத் திரும்பப் பார்த்தபோது, 'எனக்கு ஏன் இப்படி' என்று சோர்வையே சுற்றிச் சுற்றி வருகிற பழக்கம் முன்பே இருந்தவர்களிடம்தான், பத்து நாள் கழித்தும் ஏழு வாரம் கழித்தும் மனச்சோர்வு கூடுதலாக இருந்தது. ஊர் குலுங்கியது எல்லாருக்கும்தான்.

குறுக்குத்துறை முருகன் கோவிலை நினைத்துக்கொள்ளுங்கள். ஆற்றுக்குள்ளேயே நிற்கிற கோவில். தாமிரபரணியில் வெள்ளம் வருகிறது என்றால் உற்சவரையும் மற்ற சாமான்களையும் கரையிலிருக்கும் மேலக்கோவிலுக்குக் கொண்டுபோய் விடுவார்கள். மூலவர் தண்ணீருக்குள்தான் இருப்பார். வெள்ளம் வடிந்த பிறகு போய்ச் சேற்றை வாரிக் கழுவுவார்கள். வெள்ளம் புரண்டு ஓடுகிறபோது விளக்குமாற்றோடு உள்ளே இறங்குகிறவர் யாரும் கிடையாது. ராத்திரி பதினொரு மணிக்கு, அம்மாவோடு சண்டை போட்ட சூட்டில், நீங்கள் விளக்குமாற்றோடு இறங்குகிறீர்கள். அந்த நேரத்தில் கீழே போய்ப் படுங்கள். கருப்பட்டிக் காப்பியைக் குடித்துவிட்டு மறுநாள் காலையில் பாருங்கள். காலையில் அதே விஷயம் பாதி அளவுதான் இருக்கும்.

காலையில் உட்கார்ந்தால் என்ன செய்வது? முதல் வேலை, முதலாளிக்குத் தனிப் பக்கம் போடுவது. ஈதன் கிராஸ் என்ற உளவியலாளரும் அவருடைய கூட்டாளிகளும் 2014-இல் வெளியிட்ட ஆய்வுகளில், பலர் முன்னால் பேச வேண்டும் என்ற மாதிரியான பதற்றத்தில் இருப்பவர்கள் தங்களுக்குள்ளே 'நான்' என்று பேசிக்கொள்வதற்குப் பதில் தங்கள் பெயரைச் சொல்லிப் பேசிக்கொண்டால் பதற்றம் குறைந்ததையும், பேச்சு நன்றாக வந்ததையும் பார்த்தார்கள். "நான் ஏன் பயப்படுகிறேன்" என்பதை விட "முருகன் ஏன் பயப்படுகிறான்" என்று கேட்பது லேசாக இருக்கிறது. நம் பக்கத்துப் பெரியவர்கள் குளத்தங்கரையில் தனியாக நடக்கும்போது "ஏல சுப்பையா, உனக்கு இது தேவையாடே?" என்று தன்னைத்தானே கேட்டுக்கொண்டு போவார்கள். பைத்தியம் என்று சின்ன வயதில் சிரித்திருக்கிறோம். பேரேட்டில் தன் பெயரை எழுதியபோது அப்பாவுக்கு நடந்ததும் இதுதான் என்று நினைக்கிறேன். அடுத்த ஆள் மாதிரி பெயர் எழுதியதும், அடுத்த ஆளுடைய கடனைப் பார்க்கிற கண் அவருக்கு வந்துவிட்டது. அடுத்த ஆளிடம் காட்டுகிற நியாயமும் கூடவே வரும், அதை மறந்துவிடாதீர்கள். கடன்காரன் என்பதற்காக அப்பா யாரையும் திட்டியதில்லை.

நம் பக்கத்தில் இதற்கு வேறொரு வழியும் இருக்கிறது. எங்கள் ஊருக்கு அடுத்த ஊரில் ஒரு நிழல்தாங்கல். அய்யா வைகுண்டர் வழிக்காரர்கள் கும்பிடுகிற இடம். பள்ளிக்கூடத்துக் கூட்டாளி ஒருவன் என் சட்டையைக் கழற்றச் சொல்லி, தலையில் துண்டைத் தலைப்பாகையாகக் கட்டிவிட்டு உள்ளே கூட்டிப்போனான். சாமியைப் பார்க்கப் போகிறோம் என்று எட்டிப் பார்த்தால் விளக்கு, அதற்குப் பின்னால் ஒரு கண்ணாடி. கண்ணாடியில் கோணல் தலைப்பாகையோடு நான். மூக்கு வேறு ஒழுகுகிறது. உனக்குள் இருக்கிற கடவுளைப் பார் என்பதுதான் அதன் பொருள் என்று பிறகு தெரிந்துகொண்டேன். அன்றைக்கு நான் பார்த்தது மூக்கைத்தான். அவசரமாகத் துடைத்துக்கொண்டேன். இன்னொன்றும் பார்த்தேன். எனக்குப் பின்னால் நிற்பவர்களின் முகங்களும் அதே கண்ணாடியில் தெரிந்தன. அவர்கள் என் மூக்கை எனக்கு முன்பே பார்த்திருப்பார்கள்.

அப்புறம் நோட்டு. இதுதான் முக்கியம், இதில் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்கிறேன்.

பாளையங்கோட்டையில் 1923-இல் தூய சவேரியார் கல்லூரியைத் தொடங்கிய இயேசு சபையார் தினமும் இரண்டு வேளை ஆத்தும சோதனை, அதாவது தன் நடத்தையைத் தானே ஆராய்ந்து பார்ப்பது, செய்கிறவர்கள். அவர்களுடைய சபையை நிறுவிய இஞ்ஞாசியார் வகுத்துக் கொடுத்த முறையில் ஒரு பகுதி அப்படியே கணக்கேடுதான். ஒரே ஒரு குறையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஒவ்வொரு நாளுக்கும் இரண்டு கோடு. மதியம் ஒரு தடவை, இரவு சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு தடவை, அந்தக் குறை எத்தனை முறை வந்ததோ அத்தனை புள்ளி. மதியத்தையும் ராத்திரியையும் ஒப்பிடு, நேற்றையும் இன்றையும் ஒப்பிடு, போன வாரத்தையும் இந்த வாரத்தையும் ஒப்பிடு. 16-ஆம் நூற்றாண்டில் ஒரு பழைய போர்வீரர் எழுதிய வழி, எங்கள் பிளஸ் ஒன் பாடப் புத்தகம் மாதிரி இருக்கிறது. இஸ்லாத்தில் தன்னைத்தானே சோதிப்பதற்கு 'முஹாசபா' என்று பெயர். மேலப்பாளையத்து நண்பர் ஒருவர்தான் சொன்னார், அந்தச் சொல்லுக்கே கணக்குப் பார்ப்பது என்றுதான் அர்த்தமாம். கேட்டதும் எனக்கு என் துறைக்கு விருது கிடைத்த மாதிரி இருந்தது.

நான் எப்படி இதில் விழுந்தேன் என்று சொல்கிறேன். ஓய்வு பெற்ற முதல் வருஷம். ஒருநாள் வீட்டுக்காரி அவியலுக்குக் காய் நறுக்கிக்கொண்டே, "நீங்க ஒண்ணு கவனிச்சியளா? யாரு என்ன சொன்னாலும் 'அதான் நான் அப்பவே சொன்னேம்லா'ன்னு சொல்லுதிய" என்றாள். எனக்கு வந்தது பாருங்கள் கோபம். "எப்ப சொன்னேன்? ஒரு தடவை காட்டு பாப்போம்" என்றேன். அவள் பதில் பேசாமல் முருங்கைக்காயை எடுத்தாள். அரை மணி நேரத்தில் மகன் போனில் கூப்பிட்டு, பைக் பஞ்சராகிவிட்டது என்றான். "டயர் தேஞ்சிருக்குன்னு நான் அப்பவே சொன்னேம்லா" என்று என் வாய் சொல்வதை என் காது கேட்டது. அடுப்படியிலிருந்து சத்தமே இல்லை. அந்தச் சத்தமில்லாமைதான் உறைத்தது.

மறுநாள் காலையில், இன்சூரன்ஸ் ஏஜென்ட் கொடுத்துவிட்டுப் போன பாக்கெட் டைரியை எடுத்தேன். அந்த வாக்கியத்தைச் சொல்லும்போதெல்லாம் ஒரு கோடு, பக்கத்தில் மணி, யாரிடம். அவ்வளவுதான். ஏன் சொன்னேன் என்று ஒரு வார்த்தை எழுதவில்லை. முதல் நாள் 11 கோடு. அதில் ஒன்று டி.வி.யில் செய்தி வாசித்தவரிடம்.

இரண்டு வாரம் கழித்து, ஆசிரியர் புத்தி சும்மா இருக்குமா, பட்டியல் போட்டுப் பார்த்தேன். காலையில் கோடு ஒன்றோ இரண்டோதான். பெரும்பாலானவை மாலை ஆறிலிருந்து எட்டு மணிக்குள். பழைய மாணவர் யாராவது சந்தேகம் கேட்டுப் போன் செய்த நாளில் மொத்தமே இரண்டு, மூன்று. அதுவரைக்கும் எனக்கு முன்கோபம் அதிகம், எங்கப்பா குணம் அப்படியே வந்துவிட்டது என்றுதான் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அது வெற்றிலைக்குப் பதில் கடைப்பையனைச் சொன்ன கதை. கோடுகள் சொன்னது வேறு: யாரும் என்னிடம் எதுவும் கேட்காத நாளில்தான் நான் அதைச் சொல்கிறேன். 31 வருஷம் தினமும் அறுபது பிள்ளைகள் கேள்வி கேட்ட ஆளிடம், திடீரென்று ஒருநாளிலிருந்து கேட்பார் இல்லை.

இதுவும் மனம் கட்டிய கதையாக இருக்கலாம் என்று நீங்கள் கேட்கலாம். கேட்க வேண்டும். நான் செய்தது, தெருவில் இரண்டு பிள்ளைகளைச் சாயந்தரம் ஆறு மணிக்கு வரச்சொல்லி இருப்புநிலைக் குறிப்பு சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தேன். காசு வாங்கவில்லை. அந்த மாதக் கடைசியில் கோடு சராசரியாக நான்குக்கு வந்தது. பிள்ளைகள் பரீட்சை முடிந்து வராமல் போன மே மாதம் திரும்ப ஏழு, எட்டு. காரணம் சரியா என்பதை அந்தக் கூட்டல் கழித்தல் சொன்னது, என் மனம் சொல்லவில்லை. 'ஏன்' என்பதைக் கடைசிக்குத் தள்ளுங்கள் என்று முன்னால் சொன்னேனே, அதன் இடம் இங்கேதான்.

உங்களுக்கு: அம்மாவோடு நடக்கிற சண்டை ஒன்றை மட்டும் எடுங்கள். டீம் லீடரை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். தேதி, மணி, அம்மா சொன்ன வார்த்தை அப்படியே, நீங்கள் சொன்ன வார்த்தை அப்படியே, அதற்கு முந்தைய அரை மணி நேரத்தில் என்ன செய்துகொண்டிருந்தீர்கள், சாப்பிட்டீர்களா. 'அம்மா வழக்கம்போல் நச்சரித்தார்' என்று எழுதக் கூடாது, அது தீர்ப்பு. "சாப்பிட்டியாப்பா என்று மூன்றாம் முறை கேட்டார்" என்று எழுத வேண்டும். இரண்டு வாரம் போதும். ஐந்து நிமிஷத்துக்கு மேல் ஒரு நாளும் வேண்டாம்.

எழுதி முடித்ததும் தணிக்கை. தன் கணக்கைத் தானே தணிக்கை செய்ய எந்தச் சட்டமும் விடாது. சிமின் வசீர் என்ற உளவியலாளர் 2010-இல் ஒரு நல்ல வேலை செய்தார். எந்தெந்தக் குணம் நமக்கு நன்றாகத் தெரியும், எது நம் சிநேகிதர்களுக்கு நன்றாகத் தெரியும் என்று பிரித்துப் பார்த்தார். உள்ளே இருக்கிற கவலை, படபடப்பு இவை நமக்குத்தான் சரியாகத் தெரிகின்றன. புத்திசாலித்தனம், கற்பனைத்திறன் மாதிரி, இருந்தால் பெருமை என்கிற விஷயங்களில் சிநேகிதர்கள் சொல்வதுதான் உண்மைக்குப் பக்கத்தில் இருந்தது. ஆசை கணக்கைத் திருத்திவிடுகிறது. ஆகவே நீங்கள் பயப்படுகிறீர்களா என்று யாரிடமும் கேட்க வேண்டாம். கூட்டத்தில் அடுத்தவர் பேச்சை நடுவில் வெட்டுகிறீர்களா என்பதைக் கூட இருப்பவரிடம்தான் கேட்க வேண்டும். யாரைக் கேட்பது என்பதில் கவனம் தேவை. தணிக்கையாளர் முதலாளியின் மச்சினனாகவும் இருக்கக் கூடாது, பக்கத்துக் கடைக்காரராகவும் இருக்கக் கூடாது. ஆச்சி மாதிரி எதிர்த் திண்ணையில் இருக்கிற, உங்களிடம் ஒன்றும் எதிர்பார்க்காத, ஆனால் உங்கள் மேல் பாசமுள்ள ஆள். வாழ்க்கையில் இரண்டு பேர் அமைந்தால் அதிகம்.

ஆழ்வார்திருநகரியைச் சொல்லாமல் இதை முடிக்க முடியாது. இப்போது தூத்துக்குடி மாவட்டம், 1986 வரைக்கும் எங்கள் திருநெல்வேலி மாவட்டம்தான். அங்கே புளியமரத்தடியில் நம்மாழ்வார் 16 வருஷம் கண் திறக்காமல், வாய் பேசாமல் இருந்தார் என்று வைணவர்கள் சொல்வார்கள். உள்ளே பார்ப்பதில் அவரை மிஞ்ச ஆள் ஏது? அவருடைய மௌனம் எப்படி உடைந்தது? பக்கத்துத் திருக்கோளூர்க்காரரான மதுரகவி வந்து, ஒரு கல்லைக் கீழே போட்டுச் சத்தம் உண்டாக்கி, ஒரு கேள்வி கேட்டார்: "செத்ததின் வயிற்றில் சிறியது பிறந்தால் எத்தைத் தின்று எங்கே கிடக்கும்?" பதில் வந்தது: "அத்தைத் தின்று அங்கே கிடக்கும்." உயிரில்லாத உடம்புக்குள் அணுவளவான ஆன்மா வந்து சேர்ந்தால், அந்த உடம்பின் சுகதுக்கத்தையே தின்றுகொண்டு அதற்குள்ளேயே கிடக்கும் என்று உரை சொல்வார்கள். பெரியவர்கள் மன்னிக்கட்டும், உங்கள் மொட்டைமாடிக்கும் அது பொருந்தும். ஒரு சண்டையைத் தூக்கிக்கொண்டு மேலே போனால் மனம் அத்தைத் தின்று அங்கேயே கிடக்கும். எனக்கு இந்தக் கதையில் பிடித்தது மதுரகவி போட்ட அந்தக் கல். பதினாறு வருஷம் உள்ளே இருந்தவருக்கும் வாய் திறக்க வெளியிலிருந்து ஒருவர் வந்து கேட்க வேண்டியிருந்தது.

ரமணர் கேள்விக்குச் சுருக்கமாக. அது வேறு காரியம். 1896 ஜூலையில் மதுரையில், 16 வயதில், திடீரென்று சாவு பயம் பிடித்துக்கொண்டபோது அவர் பார்த்தது, உடம்பு செத்தால் 'நான்' என்பதும் சாகுமா என்பதை. பின்னாளில் அவர் சொல்லிக்கொடுத்தது, 'நான்' என்ற எண்ணமே எங்கிருந்து எழுகிறது என்று பார்ப்பதை. 'நான் எப்படிப்பட்டவன், என் குணம் ஏன் இப்படி' என்பது அவருடைய விசாரத்தில் இல்லவே இல்லை. அவர் வழியில் போகிறவர்கள், எண்ணம் வந்தால் 'இது யாருக்கு வந்தது' என்று கேட்டு விடுவார்கள், அதன் பின்னாலேயே போக மாட்டார்கள். நீங்கள் எண்ணத்தின் வாலைப் பிடித்துக்கொண்டு ஊர் சுற்றியிருக்கிறீர்கள். அந்த வழி வேண்டுமென்றால் தனியாக, முறையாகப் போங்கள். அம்மா சண்டைக்கு மருந்தாக அதை எடுக்காதீர்கள்.

இன்னொன்று. உங்கள் கேள்வியில் அப்பா இறந்ததைப் பற்றி ஒரே ஒரு வரி இருந்தது, உடனே வேறு பேச்சுக்குப் போய்விட்டீர்கள். கோடு போட்டு எண்ணுகிற விஷயம் இல்லை அது. ஜேம்ஸ் பென்னிபேக்கர் என்ற உளவியலாளர் 1986-இல் வெளியிட்ட ஆய்வில், மாணவர்களைத் தொடர்ந்து நான்கு நாள், தினமும் 15 நிமிஷம், வாழ்க்கையில் மிகவும் வலித்த ஒன்றைப் பற்றி எழுத வைத்தார். நடந்ததையும் அப்போது மனம் பட்டதையும் சேர்த்து எழுதியவர்கள் பின்வந்த மாதங்களில் மருத்துவரிடம் போனது மற்றவர்களை விடக் குறைவு. எழுதிய அன்றைக்கு மனம் கனக்கும், அது தெரிந்தே உட்காருங்கள். பிற்கால ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தால் பலன் சிறியதுதான், ஆனால் செலவு ஒரு பேனா. நான்கு நாள், அதற்கு மேல் வேண்டாம். தூக்கமின்மை இப்படியே நீடித்தாலோ, வாழ்ந்து என்ன என்ற எண்ணம் வந்தாலோ, நோட்டு, கோடு எல்லாவற்றையும் மூடிவைத்துவிட்டு 14416-க்குப் போன் பண்ணுங்கள். டெலி மானஸ், அரசாங்கத்தின் இலவச மனநல உதவி எண். தமிழிலேயே பேசலாம், ராத்திரியும் எடுப்பார்கள்.

மனுஷன் மாறுவானா என்று கேட்டீர்கள். அப்பா விஷயத்தில், பெட்டி அதற்குப் பிறகு சரியாக நின்றது. வெற்றிலையை அவர் விடவில்லை. பையனுக்கு ஆள் விட்டுச் சொல்லி அனுப்பினாரா என்று எனக்குத் தெரியாது, கேட்கும் தைரியம் எனக்கு இல்லை. ஆனால் அதற்குப் பிறகு வந்த பையன்கள் யாரையும் அவர் ஜாடை பேசி நான் கேட்டதில்லை.

என் விஷயத்தில், ஒன்பது வருஷமாகப் பாக்கெட் டைரி மாறிக்கொண்டே வருகிறது. பதினொன்று வரும் நாள் இப்போது இல்லை. நேற்று மூன்று. இரண்டு பேரனிடம், ஒன்று கேஸ் சிலிண்டர் கொண்டுவந்த தம்பியிடம்.